கட்டாயம் யாருக்கு? பழனி மலையில் ஒரு சட்டத்தின் வரலாறு

கொடைக்கானலின் வரலாற்றைப் பள்ளிகளை விட்டுவிட்டு எழுத முடியாது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1895-இல் செண்பகனூரில் சேசு சபையினர் தம் குருமாணவர்களுக்காகத் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் இங்கே அமைந்தது. ஆனால் பழனி மலைத்தொடர் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஏரியைச் சுற்றிய நகரம் அதில் ஒரு சிறு மூலை. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், ஆடலூர். இவற்றுக்கு இடையிலும் அப்பாலும் பெயர்ப்பலகைகூட இல்லாத பளியர் பழங்குடிக் குடியிருப்புகள். இந்த ஊர்களின் கல்வி வரலாறு நகரத்தின் வரலாறு அன்று. அதை எழுதியவர்கள் பெரும்பாலும் அரசு அல்லது உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். இலவசக் கட்டாயக் கல்வி பற்றிய நம் சட்டங்கள் ஒரு நூற்றாண்டுக்குள் திசை மாறியிருக்கின்றன. தொடக்கத்தில் பெற்றோரின் மேல் கடமையைச் சுமத்தியவை, 2009-க்குப் பிறகு அரசின் மேல் சுமத்துகின்றன. இந்த மாற்றம் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரை முழுதாக எட்டவில்லை என்பதும், அந்தக் குறையால் மிக அதிகம் இழப்பது மலைக் குழந்தைகள்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பழைய நிலையிலிருந்து தொடங்குவோம். சென்னை மாகாணத்தின் ஊர்ப்பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்த தாமஸ் மன்றோ, 1826-இல் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் இருப்பதாகச் சொன்னார். அவை ஊரார் நடத்திய திண்ணைப் பள்ளிகள். யார் படிக்கலாம் என்பதை ஊரின் சாதியும் வசதியும் தீர்மானித்தன. பழனி மலையில் அந்தத் தீர்மானம் இன்னும் கடுமையாக இருந்தது. மேட்டு நிலங்கள் குன்னுவர் முதலான வேளாண் குடிகளிடம் இருந்தன. புலையர் அவர்களுக்கு அடிமைப்பட்டு உழைத்து வந்ததை, மதுரைச் சீமை பற்றி 1868-இல் வெளிவந்த நெல்சனின் நூல் பதிவு செய்கிறது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-லேயே அறிவித்தாயிற்று. ஆனால் மலையில் கடனும் குத்தகையும் அதே வேலையைச் செய்தன. பளியரோ தேனும் கிழங்கும் தேடிக் காட்டில் இடம் மாறி வாழ்ந்தவர்கள். ஊர் என்ற அமைப்புக்கே வெளியே நின்றவர்கள். 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பிறகு போர்டு பள்ளிகள் வந்தன. பள்ளி ஆய்வாளர் வந்து தேர்வு வைப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் கிடைக்கும். ஆசிரியரின் பிழைப்பு வருகைப் பதிவேட்டையும் தேர்வு முடிவையும் நம்பியிருந்தது. வராத குழந்தையால் அவருக்கு நஷ்டம்; அந்தக் குழந்தையை வரவைப்பதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. வராத பிள்ளையைப் பதிவேட்டின் குறையாகப் பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றியது.

கட்டாயக் கல்வி என்ற எண்ணத்தைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. 1911-இல் அவர் முன்வைத்த மசோதா மறு ஆண்டே தோற்கடிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1920-இல், சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி கட்டாயம் தானாக எங்கும் வராது. உள்ளாட்சி அமைப்பு விரும்பி, வரி போட்டு, தேர்ந்தெடுத்த பகுதியில் அதை அறிமுகப்படுத்தலாம். அப்படி அறிமுகமான இடங்கள் பெரும்பாலும் நகரங்கள். கட்டாயம் வந்த இடத்தில் அதன் பாரம் பெற்றோரின் மேல் விழுந்தது. பிள்ளையை அனுப்பாதவருக்கு அபராதம். இதற்கு விலக்கும் உண்டு. கோகலேயின் மசோதா தொட்டு இவ்வகைச் சட்டங்களில் வழக்கமாக வரும் விலக்கு ஒன்று, குறிப்பிட்ட தூரத்துக்குள் பள்ளி இல்லையென்றால் பெற்றோரைக் கேட்க முடியாது என்பது. நியாயமான விலக்குதான். ஆனால் பழனி மலையில் அது என்ன செய்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி தூரமாக இருப்பதே பெற்றோரை விடுவித்தது. பெற்றோரை விடுவித்ததும் விஷயம் முடிந்துவிட்டது. பள்ளி ஏன் தூரமாக இருக்கிறது என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. மலைக் குழந்தை சட்டத்தை மீறவும் இல்லை, சட்டத்தால் பயன்பெறவும் இல்லை. அதே 1920-இல், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த கள்ளர்கள் மேல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், மலையடிவாரச் சீமையில் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் பள்ளிகள் பெருகின. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் அப்பெயரில் பள்ளிகள் உண்டு. அச்சட்டத்தின் நிழலில் கண்காணிப்போடு சேர்ந்து வந்த அப்பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவைத் தந்தன என்பது உண்மை. கட்டாயம் என்றால் எளிய மக்களை அரசு இழுத்துப் பிடிப்பது என்ற எண்ணத்தை இந்த வட்டாரத்தில் அவை ஆழமாகப் பதித்தன என்பதும் உண்மை.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 45-ஆம் உறுப்பு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் 10 ஆண்டுகளுக்குள் வழங்க அரசு முயல வேண்டும் என்றது. நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறி அது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளில் 6 முதல் 12 வயதுக்குட்பட்டவர்கள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தரும்படி முதலாளியைக் கேட்க வழிவகுத்தது. ஆனால் தொடக்கத்தில் அச்சட்டம் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. கீழ்மலையின் சிறு காப்பித் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இந்த அளவுகோல் எட்டாதது. உண்மையான மாற்றம் காமராசர் ஆட்சியில் வந்தது. 1953-ஆம் ஆண்டின் அரைநேரக் கல்வித் திட்டம் 1954-இல் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளிகள் வந்தன. 1956 முதல் மதிய உணவு பரவியது. கட்டணம் படிப்படியாக ஒழிந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, ஊராரே பள்ளிக்கு வேண்டியதைக் கொடுக்கும் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அந்த ஆண்டுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது அபராதம் விதித்த சட்டம் அன்று. பக்கத்தில் ஒரு பள்ளியும் ஒரு வேளைச் சோறும்தான். இந்தச் சான்றை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் எழும் ஒரு மறுப்புக்கு இதுவே விடை.

அந்த விரிவாக்கத்திலும் மலை பின்தங்கியே நின்றது. ஓர் ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துப் பள்ளி ஒதுக்கும் முறை சமவெளிக்கு ஏற்றது. சில குடும்பங்களே வாழும் காட்டுக் குடியிருப்பு எந்தக் கணக்கிலும் தேறாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோரில் பலர் கொடைக்கானல் மலைகளுக்கும் வந்தார்கள். வனத்துறை வளர்த்த சீகை மரக்காடுகளில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் குடும்பம் குடும்பமாகக் கூப்பு எனப்படும் வெட்டுத் தளங்களில் தங்கினார்கள். வெட்டு முடிந்தால் கொட்டகையும் நகரும், குழந்தையும் நகரும். காப்பி பறிக்கும் பருவத்திலும் பூண்டு எடுக்கும் பருவத்திலும் வேலை தேடி இடம்பெயரும் குடும்பங்களின் நிலையும் இதுவே. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆனாலும் முன்பணம் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை முன்பணம் தீரும்வரை வேலையிடத்தை விட்டு அசைய முடியாது. இந்தப் பின்னணியில்தான் தமிழ்நாடு அரசு 1994-இல் தனக்கென ஒரு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அதன் நோக்கம் நல்லது. ஆனால் அடிப்படையில் அது 1920-இன் வழியிலேயே சென்றது; பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்பதே அதன் மையம். ஆசிரியர்கள் அதைத் தெரிந்துகொண்டார்கள். ஊர்வலம் போனார்கள், முழக்க அட்டை பிடித்தார்கள், வீடு வீடாகச் சென்று பெற்றோருக்கு எடுத்துச் சொன்னார்கள். உண்மையான உழைப்பு அது. அந்த உழைப்பு முழுவதும் பெற்றோரை நோக்கியே இருந்தது.

திசை மாற்றம் அதற்குச் சற்று முன்பே நீதிமன்றத்தில் தொடங்கியிருந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை என்றது. 2002-இல் 86-ஆம் திருத்தம் 21-ஏ உறுப்பைச் சேர்த்தது. 2009-இல் நிறைவேறிய குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு தெளிவாகப் பேசுகிறது: 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி தருவதும், அக்குழந்தை சேர்வதையும் தொடர்ந்து வருவதையும் படித்து முடிப்பதையும் உறுதி செய்வதும் அரசின் கடமை. 10-ஆம் பிரிவு பெற்றோருக்கும் கடமை உண்டு என்கிறது. ஆனால் அவர்களுக்கு அபராதம் இல்லை. தமிழ்நாட்டின் 2011 விதிகள் தொடக்கப்பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலை வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் என்று அருகமை எல்லையை வகுத்தன. மாநிலங்களுக்கு முன்மாதிரியாக மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகளில் மலைக்கென்றே எழுதியது போன்ற ஒரு பகுதி இருக்கிறது. கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலையின்மை போன்ற ஆபத்து இருக்கும் இடங்களில் தூர எல்லையைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும். பள்ளியே இல்லாத சிறு குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தர வேண்டும். 1920-களில் பெற்றோரை விடுவித்துக் கோப்பை மூடிய அதே தூரம், இப்போது அரசை நோக்கி ஒரு கோப்பைத் திறக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பாதை அடைபட்டுக் குழந்தை வரவில்லையென்றால் அது இனி விடுப்பு அன்று. நிறைவேறாத கடமைக்கான சான்று.

இந்த மாற்றத்தை மலைப்பள்ளி ஆசிரியர் எந்த வழியாகத் தெரிந்துகொண்டார் என்பதே நம் கேள்வி. சட்டத்தின் பெயரைக் கேட்டிராத ஆசிரியர் இன்று தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆனால் அச்சட்டம் அவரிடம் வந்து சேர்ந்தது அவருடைய வேலையைத் தொட்ட இடங்களின் வழியாக மட்டுமே. 23-ஆம் பிரிவின் வழியே ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பணியில் இருப்போருக்கும் அதைப் பொருத்தியபோது ஆசிரியர் ஓய்வறைகளில் வேறு பேச்சே இல்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற 16-ஆம் பிரிவும் 2019-இல் அதற்கு வந்த திருத்தமும் பெரும் விவாதமாயின. இவற்றை ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள், அறிவது இயல்பு. ஆனால் இடம்பெயரும் குடும்பத்தின் குழந்தையைச் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்கும் 9-ஆம் பிரிவும், மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்னும் 5-ஆம் பிரிவும், வயதுச் சான்று இல்லையென்று மறுக்கக் கூடாது என்னும் 14-ஆம் பிரிவும், பள்ளியே பார்க்காத பத்து வயதுக் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்லும் 4-ஆம் பிரிவும் அதே அளவுக்குப் பேசப்படவில்லை. பழனி மலைக்கு மிகவும் தேவையான பிரிவுகள் இவைதான். இடைநின்ற குழந்தைகளின் பட்டியலில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்று எழுதுவது எளிது. அதை எழுதும் கை 1920-இன் சட்டத்தையே இன்னும் பின்பற்றுகிறது.

பளியர் குழந்தைகளின் நிலை இதை இன்னும் தெளிவாக்கும். 1960-களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் வன்முறையை அறவே தவிர்ப்பவர்கள், ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வதை ஏற்காதவர்கள், பூசல் வந்தால் எதிர்த்து நிற்காமல் அந்த இடத்தை விட்டு விலகிவிடுபவர்கள் என்று விரிவாக எழுதினார். இப்படிப்பட்ட சமூகத்தின் குழந்தை வகுப்பில் அடிபட்டால் என்ன நடக்கும்? புகார் வராது, குழந்தை மறுநாள் வராது. பதிவேட்டில் அது நீண்ட விடுப்பாகப் பதிவாகும். தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. பிரம்பைப் பறித்துவிட்டார்கள் என்று மட்டும் இப்பிரிவைப் புரிந்துகொண்ட ஆசிரியருக்கு அது ஓர் இழப்பு. இந்தக் குழந்தை பள்ளியில் தங்குவதற்கான முதல் நிபந்தனை அது என்று புரிந்துகொண்டவருக்கு அது ஒரு கருவி. 29-ஆம் பிரிவும் குழந்தையை அச்சத்திலிருந்து விடுவிக்கும் கற்பித்தலை வற்புறுத்துகிறது. சட்டத்தை அறிதல் என்று நான் சொல்வது இத்தகைய புரிதலைத்தான். பிரிவு எண்களை ஒப்பிப்பதை அன்று.

இதற்கு எழும் முதல் மறுப்பு, களத்தில் நிற்கும் ஆசிரியரிடமிருந்தே வரும். சட்டம் என்ன சொன்னாலும் பெற்றோர் அனுப்பினால்தானே குழந்தை வரும், வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள், குடியும் கடனும் வீட்டைக் கெடுக்கின்றன என்பார் அவர். இந்த அனுபவத்தைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது. பெற்றோரைத் தண்டிக்கும் சட்டம் பல பத்தாண்டுகள் ஏட்டில் இருந்தபோது நகராத எண்ணிக்கை, பள்ளியும் உணவும் அருகே வந்தபோது நகர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிகளைச் சேர்த்துக்கொண்டதும் இந்தப் பாடத்தைக் கற்றதால்தான். பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகும் தாய் பெரும்பாலும் அதை விரும்பிச் செய்வதில்லை. விட்டுச் செல்ல இடமில்லாமல் செய்கிறாள். விடுதியோ, பருவகாலத் தங்கும் மையமோ, வண்டியோ இருக்கும் இடத்தில் அவள் எடுக்கும் முடிவு வேறாக இருக்கும். பெற்றோரின் அக்கறையை அளக்குமுன் அவர்களுக்கு எந்த வழி திறந்திருந்தது என்று பார்க்க வேண்டும். சட்டம் அந்த வரிசையில்தான் கடமைகளை அடுக்குகிறது: முதலில் அரசு, அடுத்து உள்ளாட்சி, பிறகு பெற்றோர்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஓராசிரியர் அல்லது ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் நடத்தி, செயலியில் விவரம் ஏற்றி, உணவைக் கவனித்து, பேருந்துக்கு ஓடும் ஒருவரிடம் சட்டத்தையும் படி என்பது கொடுமை; அப்படியே படித்தாலும் மேலதிகாரிக்கு எதிராக அவர் எதைக் கேட்டுவிட முடியும்? கேள்வி நியாயமானது, ஆனால் அதன் விடையும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. தனக்கான பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்பதை அறியாததால்தான் அவருடைய சுமை கூடுகிறது. தனி ஆளாக மேலதிகாரியை எதிர்க்கவும் சட்டம் அவரைக் கேட்கவில்லை. 21-ஆம் பிரிவின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் உண்டு. அக்குழு 22-ஆம் பிரிவின்படி தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு நிதிக்கு அடிப்படை. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022-இல் புதிதாக அமைக்கப்பட்டன. ‘எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வண்டி வேண்டும்’ என்று ஒரு பளியர் தாய் அந்தக் குழுவில் தீர்மானம் போடலாம். 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் குறை சொன்னால் மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். திருப்தியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. இந்த வழி இருப்பதை அந்தத் தாய்க்கு யார் சொல்வார்கள்? அந்த ஊரில் சட்டம் படித்த வக்கீல் இல்லை. ஆசிரியர் இருக்கிறார். பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பேசுவதை 24-ஆம் பிரிவு அவருடைய கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பு ஆட்சியாளர்களுடையது. சில குழந்தைகளுக்காக ஒரு பள்ளி நடத்துவது வீண் செலவு, அவர்களைப் பெரிய ஊரில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதே சிக்கனம், கற்பித்தலும் அங்கேதான் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. உறைவிடப் பள்ளிகளால் மேலே வந்த பழங்குடி மாணவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் தேவையை மறுக்க முடியாது. ஆனால் ஆறு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத்தான் படிக்க வைக்க முடியும் என்றால், நகரத்துக் குழந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைப்பது மலைக் குழந்தைக்குக் குடும்பத்தைப் பிரிந்தால்தான் கிடைக்கும் என்றாகிறது. இந்தச் சட்டம் உரிமையைக் குழந்தையின் தலைக்குத் தருகிறது. ஊரின் தலைக்கணக்குக்குத் தரவில்லை. பத்துக் குழந்தைகள் உள்ள குடியிருப்பில் பத்து உரிமைகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளியாலோ வண்டியாலோ விடுதியாலோ நிறைவேற்றலாம். எந்த வயதுக்கு எது பொருந்தும் என்பதைக் குடும்பத்தோடு பேசித் தீர்மானிக்கலாம். செலவைக் காட்டி நிறைவேற்றாமல் விடும் உரிமை மட்டும் அரசுக்கு இல்லை.

ஆகவே கல்வித்துறை செய்ய வேண்டியது பெரிய திட்டம் எதுவும் அன்று. பழனி மலையின் பள்ளிகளுக்கு மாறுதலாகிப் போகும் ஒவ்வோர் ஆசிரியருக்கும், மலைப்படிக்கான ஆணையோடு, இச்சட்டத்தின் 4, 5, 8, 9, 14, 17, 21, 27, 32 ஆகிய பிரிவுகளையும் தூர விதிகளையும் எளிய தமிழில் விளக்கும் ஒரு சிறு கையேட்டைக் கொடுக்க வேண்டும். வட்டார வள மையப் பயிற்சிகளில் ஆண்டுக்கு ஒரு நாளை உள்ளூர் நிகழ்வுகளை வைத்து இவற்றைப் பேச ஒதுக்க வேண்டும். ஊராட்சித் தலைவரும் வனத்துறையினரும் பளியர் பெற்றோரும் அங்கே உட்கார வேண்டும். இடைநின்ற குழந்தைகளின் பட்டியலில் ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்று எழுதுமுன், பாதை இருந்ததா, வண்டி இருந்ததா, ஆசிரியர் இருந்தாரா, அடி விழுந்ததா, குடும்பம் வேலைக்காக இடம்பெயர்ந்ததா என்ற கேள்விகளுக்கு விடை எழுதச் செய்ய வேண்டும். ஆசிரியப் பெருமக்களிடம் வேண்டுவது ஒன்றுதான். வராத குழந்தையின் பெயருக்கு நேரே உண்மையான காரணத்தை எழுதுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. அதைக் கேட்கும் இடத்தில் முதலில் நிற்பவர் நீங்கள்.